வாசத்துக்கு விலை உண்டு, விரலுக்கு?

ஆடி பிறந்தால் ஊவாவில் காற்று மாறும். மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்குகிற கச்சான் காற்று, பதுளைக்கும் ஹப்புத்தளைக்கும் மடுல்சீமைக்கும் வரும்போது காய்ந்த காற்றாகத்தான் வரும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கொழுந்து குறைவு. ஆனால் கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு மவுசு கூடுவதும் அந்த மாதங்களில்தான். காரணம் ஒரு வாசம். தேநீரை வாய்க்குக் கொண்டுபோகும் முன்னரே மூக்கில் சில்லென்று ஏறும், கொஞ்சம் மருந்து வாசம் மாதிரி.

அந்த வாசத்தில் பெரிய பங்கு மெதைல் சலிசிலேற்று என்ற பொருளுக்கு. மூட்டு வலித் தைலங்களில் இருப்பதும் இதே பொருள்தான். நாள் முழுக்க மலையில் கூடை சுமந்துவிட்டு இராத்திரி இடுப்பில் தைலம் பூசிக்கொள்ளும் எங்கள் அம்மாமாருக்கு அந்த வாசம் ரெண்டு வழியிலும் தெரியும். ஆனால் ரெண்டும் ஒரே மூலக்கூறு என்று அவங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த மாதிரி மூலக்கூறுகளைச் செடியிலிருந்து எடுக்காமல், நொதியங்களைத் திருத்தியமைத்துத் தாங்கிகளில் தயாரிக்கும் வேலை உலகம் முழுக்க வேகமாக நடக்கிறது. அது நல்ல விஞ்ஞானம், அதை எதிர்க்க நாங்கள் இதை எழுதவில்லை. அந்த விஞ்ஞானம் எதற்கு விலை போடுகிறது, எதற்குப் போடாமல் விடுகிறது என்று பார்க்கத்தான் எழுதுகிறோம். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். நொதியத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன இருக்கு என்று கேட்கலாம். அதற்கான பதில் கட்டுரையின் பின்பாதியில் இருக்கிறது.

கொழுந்துக்குள் நடப்பது

பறித்த கொழுந்துக்கு அந்த வாசம் கிடையாது. மெதைல் சலிசிலேற்று அங்கே இருக்கிறது, ஆனால் ஒரு சர்க்கரையோடு பிணைந்து அடைபட்டிருக்கிறது. அந்தச் சர்க்கரையை வெட்டிவிட ஒரு நொதியம் வேணும். அதன் பெயர் பிரைமெவெரோசிடேஸ். உயிருள்ள இலையில் நொதியம் ஒரு பக்கம், சர்க்கரை கட்டிய வாசம் இன்னொரு பக்கம். ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டி, கலங்கள் கிழியும்போதுதான் ரெண்டும் சந்திக்கும். அப்பத்தான் வாசம் வெளியே வரும். 1960களில் எங்கள் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் விக்ரமசிங்கவும் ஜப்பானின் தெய் யமனிஷியும் இலங்கைத் தேயிலையின் வாசப் பொருட்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரைமெவெரோசிடேஸின் பரம்பரையலகை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள்.

நிறத்தின் கதையும் இதே மாதிரிதான். இலையில் கட்டெக்கின்கள் ஓர் அறையில், பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற நொதியம் இன்னோர் அறையில். உருட்டியதும் ரெண்டும் கலந்து, காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்துக்கொண்டு, ரெண்டு கட்டெக்கின்கள் இணைந்து தியபிளேவின் ஆகும். நல்ல தேநீர்க் கோப்பையில் தெரியும் அந்தப் பொன் சிவப்பு, நாக்கில் படும் அந்த 'சுருக்', ரெண்டுக்கும் அதற்குப் பங்கு உண்டு.

பிரச்சினை என்னவென்றால், இந்த நொதியம் நிறுத்தத் தெரியாத வேலையாள். எந்தக் கட்டெக்கின் கிடைத்தாலும் பிடித்து ஒட்சியேற்றும். உருவான தியபிளேவினும் அங்கேயே நிற்காது, இன்னும் மாறிக் கபில நிறத் தியருபிஜின்களாகப் போய்விடும். கடைசியில் கறுப்புத் தேயிலையின் எடையில் தியபிளேவின் என்று மிஞ்சுவது பெரும்பாலும் 2 சதவீதத்துக்கு உள்ளேதான். எந்த நிமிடத்தில் சூட்டடுப்புக்கு அனுப்பி அதை நிறுத்துவது என்று மூக்கால் முடிவெடுப்பவர்தான் ஸ்டோரின் டீமேக்கர்.

நொதியத்தைத் திருத்துவது

இங்கேதான் நொதியப் பொறியியல் வருகிறது. ஒரு நொதியம் நீளமான அமினோ அமிலச் சங்கிலி. அது தன்னைத் தானே மடித்துக்கொள்ளும்போது ஒரு குழிவு உண்டாகிறது, எந்தப் பொருள் உள்ளே வரலாம், அது என்னவாக வெளியே போகலாம் என்பதை அந்தக் குழிவின் வடிவம்தான் தீர்மானிக்கும். சங்கிலியில் ஒன்றிரண்டு அமினோ அமிலங்களை மாற்றினால் குழிவு மாறும், நொதியத்தின் தெரிவும் மாறும். எதை மாற்றுவது என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் ஆயிரக்கணக்கில் மாற்றிப் பார்த்து, நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மறுபடி மாற்றலாம். இந்த முறைக்காகத்தான் பிரான்சஸ் ஆர்னல்டுக்கு 2018இல் இரசாயன நோபல் கிடைத்தது. கணினியில் புரதத்தைப் புதிதாகவே வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கு 2024இல் அதே பரிசு. அதாவது இது ஓரத்தில் நடக்கும் வேலை இல்லை.

தேயிலையில் இதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. தேநீரின் இதமான சுவைக்குக் காரணமான தியனைனை 1949இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். சாதாரண இரசாயன முறையில் செய்தால் அது இடக்கை, வலக்கை மாதிரி ரெண்டு வடிவங்களின் கலவையாக வரும். செடி செய்வது ஒரு வடிவத்தை மட்டும். ஜப்பானின் தாயோ ககாகு கொம்பனி பக்டீரியா நொதியம் ஒன்றைப் பயன்படுத்தி, செடி செய்யும் வடிவத்தை மட்டும் தயாரித்து, 'சன்தியனைன்' என்ற பெயரில் பல வருசமாக விற்கிறது. அதற்கு ஒரு தேயிலைச் செடியும் தேவையில்லை. இப்போது இதே கேள்வி தியபிளேவினுக்கு வந்திருக்கிறது. நாலு வகைத் தியபிளேவின்களில் வேண்டிய ஒன்றை மட்டும் கூடுதலாகத் தரும் ஒட்சிடேஸ் எது என்று ஆய்வுக் குழுக்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். செடியிலிருந்து வருவதால் எல்லாம் நல்லது, கூடக்கூட நல்லது என்பது விளம்பரக்காரர் பேச்சு. பச்சைத் தேயிலைக் கட்டெக்கின்களில் முக்கியமானதை மாத்திரையாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்ததாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சொன்னது. கோப்பையில் குடிப்பது வேறு, பிரித்தெடுத்துச் செறிவாக்கி விழுங்குவது வேறு.

ஏற்கெனவே ஒருதடவை நடந்தது

'தேயிலையை யாராலும் தாங்கியில் செய்ய முடியாது, தேநீர் வெறும் மூலக்கூறு இல்லை' என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். காலையில் குடிக்கும் தேத்தண்ணி நாளைக்கே மறைந்துவிடாது. ஆனால் போத்தல் தேநீர், உடனடித் தேநீர்த் தூள், சத்து மாத்திரை எல்லாம் இலையைக் கேட்பதில்லை, அதற்குள் இருக்கும் குறிப்பிட்ட பொருளைத்தான் கேட்கின்றன. அந்தச் சந்தையில் இலையின் பேரம் குறைந்தால் அந்த நட்டம் எங்கே வந்து இறங்கும் என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் மலைகளிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1869இல் மடுல்சீமைப் பக்கம்தான் கோப்பி இலையில் துரு நோய் முதலில் கண்ணில் பட்டது. கோப்பி அழியத் தொடங்கியதும் தேயிலைக்கு முன்னால் தோட்டக்காரர்கள் பாய்ந்து நட்டது சிங்கோனாவை. அதன் பட்டையில் மலேரியாவுக்கான குயினைன் இருந்தது. 1861இல் ஹக்கலை பூங்காவை ஆரம்பித்ததே சிங்கோனாவுக்காகத்தான். 1880களின் நடுவில் இலங்கை வருசத்துக்குச் சுமார் 1 கோடி 50 இலட்சம் இறாத்தல் பட்டையை ஏற்றுமதி செய்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டி விற்றதில் விலை விழுந்தது. அதற்கு மேல் ஜாவாவின் போட்டி. டச்சுக்காரர் அங்கே நட்டது வேறொரு வகை மரம். எங்கள் மரத்தின் பட்டையைவிடப் பல மடங்கு குயினைன் அதில் இருந்தது. வேண்டிய பொருளைத் தெரிந்து அதிகமாகச் செய்த செடி ஜெயித்தது, இலங்கைச் சிங்கோனா முடிந்தது.

அந்த ஜாவா மரத்தின் விதையை 1865இல் டச்சுக்காரருக்கு விற்றவர் சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரி. அந்த மரத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் எந்த மரத்தில் சத்து அதிகம் என்று பார்த்தாலே சொல்லக்கூடிய, பொலிவியக் காட்டில் அலைந்து அந்த விதையைச் சேர்த்துக் கொடுத்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர். பிறகு அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்து அடித்தார்கள். அந்த அடியில் அவர் செத்துப்போனார். குயினைன் வரலாற்றில் அவருக்கு ஒரு அடிக்குறிப்பு கிடைத்தால் பெரிய விசயம். தெரிவு செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவோம். தாங்கி எப்போதும் ஜெயிப்பதில்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினுக்காக ஜே கீஸ்லிங்கின் குழு மதுவத்தைத் திருத்தியது. சனோஃபி கொம்பனி 2013இல் இத்தாலியில் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் செடியிலிருந்து வந்த மருந்தின் விலை அதைவிடக் கீழே போனதால் அந்த ஆலை ஓடவில்லை. 'பார்த்தீங்களா, விவசாயி ஜெயித்தான்' என்று சொல்வதற்கு முன் ஒன்றை யோசிக்கணும். செடியின் விலை அவ்வளவு கீழே போனபோது அந்த விவசாயிக்கு மிஞ்சியது என்ன? தோட்டத்திலும் கேள்வி இதுதான். தேயிலை தோற்றாலும் கஷ்டம், விலையைக் குறைத்து ஜெயித்தாலும் கஷ்டம்.

சட்டம் கேட்கும் கேள்வி

சரி, எங்கள் பங்கைக் கேட்போம் என்று போனால், சட்டம் முதலில் கேட்பது 'இந்தச் செடி எந்த நாட்டுச் செடி?' என்பதை. இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்ட உயிர்ப் பல்வகைமைச் சமவாயம் பிறப்பிடத்தைப் பார்க்கிறது. தேயிலை இங்கே பிறந்த செடி இல்லை. சீனாவிலிருந்தும் அசாமிலிருந்தும் கொண்டுவந்து நட்டது. நட்டவர்களும் வேறு இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்தான். 1948இல் எங்கள் ஆட்களிடம் கேட்ட கேள்வியும் இதேதான், நீ எந்த ஊர்? அந்தக் கேள்வியால் பறிபோன பிரஜாவுரிமை முழுசாகத் திரும்பக் கிடைக்க 2003 வரை ஆனது. இப்போது அதே கேள்வியை ஒரு பரம்பரையலகிடம் கேட்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேயிலையின் முழுப் பரம்பரைத் தொடரையும் சீன ஆய்வாளர்கள் 2017இலும் 2018இலும் வெளியிட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஒரு நொதியத்தைத் திருத்த இலை தேவையில்லை, கணினியில் இருக்கும் எழுத்துத் தொடரே போதும். இதைக் கவனித்துத்தான் 2024இல் கொலம்பியாவின் கலி நகரில் கூடிய மாநாடு, இப்படியான தரவிலிருந்து இலாபம் பார்க்கும் கொம்பனிகள் பணம் போட ஒரு நிதியத்துக்கு வழி செய்தது. 2025 பெப்ரவரியில் அது தொடங்கியது. அதில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போகணும் என்பது ஏற்பாடு. ஆனால் பணம் போடுவது கட்டாயம் இல்லை. எங்களுக்கு முக்கியமான கேள்வி வேறொன்று: லயத்தில் வாழும் மக்கள் அந்த 'உள்ளூர்ச் சமூகம்' என்ற சொல்லுக்குள் வருவார்களா? இருநூறு வருசம் ஒரு மலையில் வேலை செய்தவர்கள் உள்ளூர் இல்லை என்றால் வேறு யார் உள்ளூர்? இதை நம் அரசியல்வாதிகள் யாராவது எங்கேயாவது பேசினால் நன்றாக இருக்கும்.

புவியியல் குறியீடு வாங்கினால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அது கிடைத்தது. நல்ல விசயம். ஆனால் அது பெயரைத்தான் காக்கும். 'ஊவாத் தேயிலை' என்று வேறு யாரும் எழுத முடியாமல் செய்யலாம். ஊவாவின் வாசத்தைத் தாங்கியில் செய்து, பெயரே போடாமல் ஒரு போத்தலில் கலந்தால் எந்தக் குறியீடும் ஒன்றும் செய்யாது.

தெரிவு எங்கே தொடங்குகிறது?

நொதியப் பொறியியலில் பணம் கொட்டுவது 'தெரிவு' என்ற ஒரு குணத்துக்காக. நூறு பொருட்களுக்கு நடுவில் வேண்டியதை மட்டும் பிடிக்கும் திறமைக்குத்தான் காப்புரிமை. ஆனால் தேயிலையில் முதல் தெரிவு ஸ்டோரிலும் இல்லை, ஆய்வுகூடத்திலும் இல்லை. அது மலையில் நடக்கிறது. கட்டெக்கினும் ஒட்சிடேஸும் அதிகமாக இருப்பது ரெண்டு இலை ஒரு மொட்டில். முற்றிய இலையில் ரெண்டும் குறைவு. அதனால் எந்த நொதியமும் வேலையைத் தொடங்கும் முன், எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு பெண்ணின் விரல் முடிவெடுத்துவிடுகிறது. அதுவும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை.

அந்தத் தெரிவுக்கு என்ன கூலி? ஒன்றும் இல்லை. கூலி கிலோவுக்கு. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று சபையில் பேசி முடிவாகிறது. ஆனால் தோட்டத்தில் அந்த நாளுக்குச் சொன்ன கிலோ வரவில்லை என்றால் அரைப்பேர். காற்றுக் காலத்தில், அதாவது வாசம் உச்சத்தில் இருக்கும் அதே மாதங்களில், கொழுந்து குறைவு. அப்போ கிலோ வர வேண்டும் என்றால் முற்றல் இலையையும் சேர்த்துப் பிய்க்கத்தான் வேணும். நிறுவைத் தராசுக்கு மொட்டும் முற்றலும் ஒன்றுதான். நல்லதைத் தெரிந்து எடுத்தால் சம்பளம் குறையும் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, தரம் போச்சு, சந்தை போச்சு என்று அழுவதில் அர்த்தமே இல்லை. ஒரு நொதியம் தெரிந்தெடுத்தால் அது கண்டுபிடிப்பு, ஒரு மனுசி தெரிந்தெடுத்தால் அது 'சுணக்கம்'.

நாங்கள் கேட்பது

முதலாவது, அளப்பதைக் கொழுந்துக்கும் கொண்டுவாருங்கள். தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கி நூறு வருசம் ஆகிவிட்டது. ஏற்றுமதித் தேயிலைமேல் போட்ட வரியில் வளர்ந்த நிறுவகம் அது. அதாவது ஒவ்வொரு கூடையிலும் அதற்கு ஒரு பங்கு போயிருக்கிறது. பசறையிலும் அதற்கு நிலையம் இருக்கிறது. பதுளையில் 2005இல் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. இந்த ரெண்டும் சேர்ந்தால், கொழுந்தின் கட்டெக்கின் அளவைப் பார்த்து, நல்ல கொழுந்துக்குக் கிலோவுக்கு மேல் கூலி போடும் முறையை ஒரு தோட்டத்தில் செய்துபார்க்கலாம். கொழுந்து பெருகி விலை விழும் மாதங்களில் மிச்சக் கொழுந்தைத் தியபிளேவினாக மாற்றும் நொதிய வேலையையும் பதுளையிலேயே தொடங்கலாம். தாங்கி ஊவாவுக்கு வந்தால் எங்களுக்கு அது எதிரி இல்லை.

ரெண்டாவது, இங்கே வளர்த்த தேயிலை இனங்களின் பரம்பரைத் தகவலை வைத்து நாளைக்கு யாராவது உரிமம் வாங்கினால், அந்தப் பணத்தில் ஒரு பங்கு தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகணும் என்று இப்போதே சட்டத்தில் எழுதுங்கள். பணம் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

மூன்றாவதுதான் நாங்கள் தள்ளிவைத்த பதில். எங்களில் பலர் கலைப்பீடத்துக்கு வந்தது கலை மேல் இருந்த ஆசையால் மட்டும் இல்லை. நாங்கள் படித்த பாடசாலைகளில் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவே இருக்கவில்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவர்களுக்கும் பஸ்ஸில் ரெண்டு மணித்தியாலம் போனால்தான் தமிழில் உயிரியல். போய்வரக் காசு இருந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் இருந்த பாடத்தை எடுத்தோம். எடுத்த பாடத்தை இப்போது விரும்பித்தான் படிக்கிறோம், அது வேறு கதை. ஆனால் தெரிவு என்று எங்கள் முன்னால் வைத்ததில் தெரிவே இருக்கவில்லை.

தேயிலையிலிருந்து கட்டெக்கினை 1929இல் பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா. 1932இல் ஜப்பானில் வேளாண்மைத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஆரம்பத்தில் சம்பளம்கூட இல்லாமல் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். அவருக்கு உள்ளே நுழைய ஒரு கதவாவது இருந்தது. பசறையிலும் லுணுகலையிலும் கொஸ்லந்தையிலும் பதினாறு வயதில் இருக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு, தன் அம்மா கையால் பறிக்கும் இலைக்குள் என்ன நடக்கிறது என்று படிக்க ஒரு கதவு வேணும். ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தோட்டப் பிள்ளைகள் நடந்தோ பக்கத்து பஸ்ஸிலோ போகக்கூடிய தூரத்தில், தமிழில் விஞ்ஞானப் பிரிவோடு, பூட்டிக் கிடக்காத ஆய்வுகூடத்தோடு ஒரு பாடசாலையாவது வேணும். ஆசிரியர் இல்லை என்பது பழைய பதில். ஆசிரியரை உருவாக்கப் பத்து வருசம் ஆகும் என்றால் இன்றைக்கே தொடங்கினால்தான் பத்து வருசத்தில் முடியும்.

நொதியத்தை யாரோ திருத்தத்தான் போகிறார்கள். அந்த மேசையில் எங்கள் ஆட்களும் இருந்தால் கேட்கும் கேள்விகள் மாறும். எந்தக் கொம்பனிக்கு எவ்வளவு என்பதோடு, பறித்தவருக்கு எவ்வளவு என்றும் யாராவது கேட்பார்கள். இதை வாசிக்கும் தம்பி தங்கச்சிமாரில் யாராவது உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நேரத்தில் இருந்தால், உங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள், பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். கடிதம் எழுதுவது கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலை. அதில் நாங்கள் கூட இருப்போம்.